வெள்ளைக் காரும் மெரூன் பொட்டும்

இரத்தினவேல் அண்ணை தந்த இரண்டு மீன் றோல்ஸையும் ஆரபி ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தாள். நல்ல உறைப்பு என்றாள். கடதாசியில் விரல்களைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்து நீள விளக்கை எடுத்தாள். சாம்பல் நிறக் காரின் கூரைக்கு மேலே அதைப் பிடித்தபடி கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஏழு இடங்களில் விரலை வைத்தாள்.

"அங்கிள், ஏழு குழி விடுபட்டிருக்கு."

அண்ணை சிரித்தார். எங்கள் ஆட்களைக் கண்டால் எங்கள் ஆட்கள் சிரிக்கிற சிரிப்பு. "அதுகள் சின்னன், பிள்ளை. ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாத்திட்டனே."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அண்ணையைக் கூடுதலாகச் சுட்டது. இது இரண்டாவது கார் என்று அவள் நினைவூட்டினாள். மூன்றாவதும் இப்படித் திரும்பினால் பட்டறையின் பெயரைக் கொம்பனிப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டி வரும். தான் எடுக்காவிட்டாலும் மேலே இருப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை ஒரு வெள்ளைக் கார் வரும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளே வந்து பார்ப்பாள். பார்க்க வரும் நாளில் இனி றோல்ஸ் வேண்டாம்.

ஒஸ்லோவுக்குக் கிழக்கே, லோறென்ஸ்கூக்கில் பழைய மரக் கிடங்கு ஒன்றை இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். ஒரு பாதியில் நான் டயர் மாற்றுகிறேன். கிளெமென்ற் டயர் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் வழி காட்டுவார்கள். மற்றப் பாதி இரத்தினவேல் அண்ணையுடையது. கார்த் தகட்டில் விழுந்த குழிகளைப் பெயின்ற் அடிக்காமலே எடுத்துவிடுவது அவர் தொழில். காப்புறுதிக் கொம்பனி தன் பட்டியலில் உள்ள பட்டறைகளுக்குத்தான் கார்களை அனுப்பும். வேலை சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பவள் ஆரபி. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அண்ணையின் பாதியில் வேறு யாராவது சாமான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

அந்த வருடம் ஆனிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், பதினொரு நிமிடம் ஆலங்கட்டி மழை பெய்தது. ஒவ்வொரு கட்டியும் நல்ல நெல்லிக்காய் அளவு. அண்ணை குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் சனம் போர்வையோடும் கால் மிதியோடும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடியது. ஒருவர் தலையில் சருவச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போய்க் காருக்கு மேலே பாய் விரித்தார். பாயும் கிழிந்தது, காரும் நெளிந்தது.

ஆலங்கட்டி அடித்த கார் முதல் நாள் பார்வைக்கு ஒன்றும் ஆகாதது போலத்தான் நிற்கும். தப்பிவிட்டது என்று சொந்தக்காரர் சந்தோசப்படுவார். நாலு நாள் கழித்து, கழுவித் துடைத்த பிறகு, சரிந்த வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது நெஞ்சு திக்கென்னும். கூரை முழுக்கச் சின்னச் சின்னக் குழி. பெயின்ற் வெடித்திராது, கீறியிராது. தகடு மட்டும் உள்ளே போயிருக்கும்.

அந்தக் குழியை எடுப்பதை நான் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை. கூரையின் உட்துணியை இறக்கி, வளைந்த நுனியுள்ள நீளக் கம்பியை உள்ளே விட்டு, குழியின் அடிப்பக்கத்தில் வைத்துத் தள்ள வேண்டும். ஒரே தள்ளாகத் தள்ளக் கூடாது. முப்பது, நாற்பது சின்ன அமத்தல்; கரையிலிருந்து நடுவுக்கு. கூடத் தள்ளினால் மேடாகிவிடும். மேட்டைப் பிளாஸ்டிக் நுனி வைத்த சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். பக்கத்தில் கோடு கோடாக எரியும் ஒரு விளக்குப் பலகை நிற்கும். கோடுகள் தகட்டில் நேராக விழுந்தால் தகடு நேர். ஓரிடத்தில் கோடு சுழித்தால் அங்கே குழி. வேலை முழுவதும் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. கருப்புக் காரில் கோடு பளிச்சென்று விழும். வெள்ளைக் காரில் வெள்ளைக் கோடு பாலில் ஊற்றிய பால் போலக் கிடக்கும்.

ஆரபி போன பிறகு அண்ணை என் பக்கம் வந்து டயர் ஒன்றின் மேல் குந்தினார். அந்தப் பிள்ளையின் தகப்பனும் தானும் வடக்கே ஹம்மர்பெஸ்டில் ஒரே மீன் தொழிற்சாலையில், ஒரே அறையில் மூன்று வருடம் கிடந்தவர்கள் என்றார். அவள் பிறந்தபோது தொட்டில் பூட்டியதே தான்தான் என்றார். அவளை வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்டு ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவரும் தான்தானாம். அவள் ஒருமுறை கண்ணை மூடியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் அவர் கேள்வி. ஏழு குழியை நானும் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்திய இரத்தினவேல் அண்ணை அதில் ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டார்.

சித்திரை மாதத்திலிருந்து அவர் பஸ்ஸில் வேலைக்கு வருகிறார் என்பதையும் அன்றைக்குத்தான் நான் யோசித்தேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தார்.

வெள்ளைக் கார் திங்கட்கிழமை வந்தது. அண்ணை முதலில் கழுவினார், துடைத்தார், மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குழிகளைச் சுற்றி வட்டம் போட்டார். செவ்வாய் முழுக்கக் கூரைக்குள் கம்பியோடு கிடந்தார். வானொலி போடவில்லை. நான் தேத்தண்ணி கொண்டு போனபோது விளக்குப் பலகையை இழுத்து முகத்துக்குக் கிட்ட வைத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. தூசி என்றார்.

புதன்கிழமை மத்தியானம் தங்கேஸ்வரி அக்கா வந்தார். அண்ணையின் மனைவி. ஸ்டொவ்னர் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அந்த மாதம் லீவு. கையில் புட்டும் மீன் குழம்பும் கொண்ட பெட்டி. பெட்டியை எனக்கும் பிரித்து வைத்துவிட்டு அக்கா வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலையைச் சரித்து இந்தப் பக்கம் பார்த்தார். நாலு அடி நகர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, கன்னம் முன்மூடித் தகட்டில் படுகிற மாதிரி நீளத்துக்குப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இந்தப் பொனற்றிலை எத்தினை எண்டு எண்ணி வைச்சிருக்கிறியள்?"

"பத்தொன்பது."

"முப்பத்தொண்டு இருக்கு."

அண்ணை புட்டுக் கவளத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "நீர், மீன் பாத்த ஆள். இது கார்."

"வெளிச்சம் வெளிச்சந்தானே."

அக்கா ஹம்மர்பெஸ்டில் ஒன்பது வருடம் வெளிச்ச மேசையில் நின்றவர். மேசையின் மேற்பகுதி கண்ணாடி, கீழே விளக்கு. கண்ணாடி மேல் மீன் துண்டு வந்து விழும். இறைச்சிக்குள் ஒளிந்திருக்கும் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். ஒரு துண்டுக்கு ஏழெட்டு விநாடிதான். பார்த்து, வெட்டி, தள்ளிவிட வேண்டும். அண்ணை அதே மண்டபத்தில் கத்தி பிடித்தவர். அக்கா வேலைக்கு வந்த முதல் நாளே அண்ணை வெட்டிய ஒரு பெட்டி மீனை முள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாராம். இந்தக் கதையை அண்ணை எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறார்.

"உங்கட கண்ணுக்கு எவ்வளவு நாளா ஏலாமல் இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் எழும்பப் போனேன். இரு கிளெமென்ற் என்று அக்கா சொன்னார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போல.

"ஆர் சொன்னது ஏலாதெண்டு?"

"போன மாசம் விளைமீன் காய்ச்சினன். முந்தியெல்லாம் என்ரை சோத்துக் கோப்பைக்கும் சேத்து முள் எடுத்துத் தாற ஆள். அண்டைக்கு உங்கட கோப்பையிலையே நாலு முள். ஒண்டு தொண்டையிலை கொழுவி, சோத்து உருண்டை விழுங்கினியள். அப்பவே எனக்குத் தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

அண்ணை கையைக் கழுவிவிட்டு வந்தார். துவாயில் துடைக்க நெடுநேரம் எடுத்தார். பிறகு சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் மோசம். சத்திரசிகிச்சைக்கு ஐப்பசியில் நாள் தந்திருக்கிறார்கள். கருப்புக் கார், சிவப்புக் கார் என்றால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம்; சாம்பலும் வெள்ளையும் வந்தால் விளக்குக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. ஆலங்கட்டி மழை இந்த நாட்டில் எப்போதாவதுதான் இப்படி அடிக்கும். அடித்த வருடத்தில் தனக்குக் கண் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றார் அக்கா.

"சொன்னால் கடையைப் பூட்டச் சொல்லுவீர்."

"பூட்டச் சொல்லேல்லை. எழும்பி வாங்கோ. கம்பியை எடுங்கோ."

அக்கா முதலில் மஞ்சள் வட்டங்களைத் துடைத்து எறிந்தார். அந்தப் பென்சில் வெள்ளைத் தகட்டில் அண்ணையின் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. நீலப் பென்சில் கேட்டார். என்னிடம் இருந்தது டயரில் எழுதுகிற வெள்ளைச் சோக்குத்தான். அக்கா கைப்பையைத் திறந்து கிளறினார். ஒட்டுப் பொட்டு அட்டைகள் ஒரு கட்டு. எங்கோ கலியாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுத்தவை, மெரூன் நிறம், சட்டைப் பொத்தானில் பாதி. ஒன்றை உரித்துத் தகட்டில் ஒட்டினார்.

"தெரியுதோ?"

அண்ணை குனிந்தார். "ஓம். தெரியுது."

"தடவிப் பாருங்கோ."

விரல் பொட்டின் விளிம்பில் தட்டியது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

பொட்டைக் குழியின் மேல் ஒட்டினால் குழி மறைந்துவிடும். அதனால் அக்கா ஒரு ஒழுங்கு வைத்தார். குழிக்குச் சரியாக ஒரு விரற்கடை இடது பக்கம் பொட்டு. எப்போதும் இடது பக்கம். எடுத்து முடித்த குழியின் பொட்டை உடனே உரித்துவிடுவது. மாலைக்குள் அந்த வெள்ளைக் கார் அம்மை போட்ட மாதிரி நின்றது. நூற்று நாற்பத்திரண்டு பொட்டு. டயர் மாற்ற வந்த நோர்வேக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, இது புது அலங்காரமா என்று கேட்டார். ஆம், கோடைகாலத்துக்கு மட்டும் என்றேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே இருவரும் முதல் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். அன்று நான் பார்த்த வேலையை இனிப் பார்ப்பேனோ தெரியாது. அண்ணை காருக்குள் இருக்கையைச் சரித்து மல்லாந்து கிடந்தார். கம்பி உள்ளே. அக்கா வெளியே ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று கூரையில் விழும் கோட்டைப் பார்த்தார். கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு சமையல் கதைக்கிற குரல்.

"கொஞ்சம் என்ரை பக்கம். இன்னும். அந்த இடந்தான். மெல்ல... மெல்ல. இன்னொருக்கால். காணும்."

கம்பியின் நுனி எங்கே நிற்கிறது என்பது அண்ணையின் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை. அக்கா ஒரு சொல் சொல்வதற்குள் கம்பி நகர்ந்துவிடும். ஒரு குழி நான்கு நிமிடத்தில் எழும்பியது. அக்கா பொட்டை உரித்துத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டார். பத்து மணிக்கெல்லாம் அவர் கை முழுக்கப் பொட்டு.

பொனற் அலுமினியம். இரும்பு போல அது இணங்காது. சூடு காட்டிப் பழக்க வேண்டும். அதன் அடியில் கிடந்து தள்ளும்போது ஒரு குழியில் அண்ணை கொஞ்சம் அதிகமாக அமத்திவிட்டார்.

"மேடு போட்டுது," என்றார் அக்கா.

"போடாது."

"நான் பாக்கிறன், நீங்கள் கிடக்கிறியள். மேடு போட்டுது எண்டால் போட்டுது."

"நீர் மாறவேயில்லை. அண்டைக்கும் உப்பிடித்தான், பெட்டியைத் திருப்பி அனுப்பிப்போட்டு நிண்டனீர்."

"அதுக்காகத்தானே என்னைத் தேடி வந்து கட்டினியள். நான் திருப்பி அனுப்பினால் கலியாணம், அந்தப் பிள்ளை திருப்பி அனுப்பினால் கோவமோ?"

பொனற்றுக்கு அடியிலிருந்து சிரிப்புக் கேட்டது. பிறகு சுத்தியலைக் கேட்டு ஒரு கை வெளியே நீண்டது.

கூரையின் கரையோரம் தகடு இரட்டை. உள்ளே கம்பி போகாது. அங்கே பதின்மூன்று குழி. பசை வைத்துக் காளான் வடிவச் சின்னப் பிளாஸ்டிக் பிடியை ஒட்டி, இறுகியதும் வெளியே இழுத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று தரம், நாலு தரம் இழுத்தார்கள். அண்ணை இழுத்தார், அக்கா பார்த்தார், அண்ணை தட்டினார், அக்கா பார்த்தார். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. மிஞ்சிய புட்டை அக்கா சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து தந்தார். ஏழு மணிக்குக் கடைசிப் பொட்டு போனது. அக்கா விளக்கை மாற்றிப் பிடித்து, குறுக்கே ஒருதரம், நீளத்துக்கு ஒருதரம், காரை இரண்டு முறை முழுதாகப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே அதில் இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆரபியின் கடுநீலக் கார் முற்றத்தில் வந்து நின்றது. றோல்ஸ் இல்லை. தேத்தண்ணிகூட இல்லை. அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா பழைய லொறிகள் சாமான் ஏற்றும் உயரமான வாசல் மேடையில் போய் நின்றுகொண்டார். உள்ளே நின்றால் தன் வாய் சும்மா இராது என்று எனக்குச் சொன்னார்.

ஆரபி நாற்பது நிமிடம் பார்த்தாள். கூரை, பொனற், தூண்கள், கதவு விளிம்பு. மற்ற இரண்டு கார்களைவிடக் கவனமாகப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் தூக்கினாள். அதன் மேல்விளிம்பில் கையை நிறுத்தினாள்.

"இது என்ன?"

ஒரு மெரூன் பொட்டு. மேற்தகடு உள்ளே மடிகிற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணைக்கு அது தெரியவில்லை. என்ன என்று என்னைக் கேட்டார். நான் காதில் சொன்னேன். பொட்டு இருந்தால் பக்கத்தில் குழி இருக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. மூன்றாவது கார்.

ஆரபி பொட்டை நகத்தால் உரித்தாள். விளக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். கோடு வளையவில்லை. குழி எடுத்தபின் பொட்டு மட்டும் மறந்துபோய் நின்றிருக்கிறது.

"நாவூறு படாமல் வைச்சதோ, அங்கிள்?" என்று கேட்டுச் சிரித்தாள். விளக்கை அணைத்தாள். "ஒண்டுமில்லை. ஒரு குழியும் இல்லை. உண்மையா நல்ல வேலை." கைப்பலகைக் கணினியை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். "கடைசிப் பார்வை பாத்தது ஆர் எண்டு ஒரு இடம் இருக்கு. உங்கட பேர்தானே?"

ஓம் என்று ஒரு சொல் போதும். வாசலில் நின்ற அக்கா, ஓம் எண்டு சொல்லுங்கோ என்பது போலத் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன். அண்ணைக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"இல்லைப் பிள்ளை. தங்கேஸ்வரி எண்டு போடு."

அவள் நிமிர்ந்தாள்.

"என்ரை கண்ணிலை புரை. முந்தின ரெண்டு காரும் அதாலைதான் பிழைச்சது. உன்னிலை பிழையில்லை. கண்ணை மூடியிருக்கலாமே எண்டு உன்னைத் திட்டினனான். இதைப் பாத்தது அன்ரிதான். நான் தள்ளினது மட்டும்."

ஆரபி கைப்பலகையைத் தாழ்த்தினாள். அவளுக்கும் இது லேசான இடமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், பட்டியலிலை இருக்கிறது நீங்கள். அன்ரிக்குப் பாக்கத் தெரியும் எண்டு நான் எதை வைச்சு எழுதுறது? ஒரு கார் சரிவந்தது காணாது எண்டு மேலை கேப்பினம், இக்கெ சான்ட்?"

நோர்வேக்காரர் பேச்சின் வாலில் போடுகிற கேள்வி அது. அப்படித்தானே என்று அர்த்தம். அப்படித்தான் என்று அண்ணையும் தலையை ஆட்டினார்.

"பிள்ளை," என்று அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஆலங்கட்டி அடிச்ச அண்டைக்கு உன்ரை கார் எங்கை நிண்டது?"

"நிலக்கீழ் தரிப்பிடத்திலை. ஏன் அன்ரி?"

"முழு நேரமும் நிண்டதோ?"

அவள் யோசித்தாள். அம்மாவை இறக்கிவிடப் போனபோது மழை தொடங்கிவிட்டது, ஒரு நிமிடம் வெளியே நின்றிருக்கும் என்றாள். ஆனால் அதில் ஒன்றுமில்லை, தினமும் ஏறி இறங்குகிற கார்.

"கூரையிலை ஒன்பது," என்றார் அக்கா. "பொனற்றிலை நாலு."

நான் மேடைக்குப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முற்றத்துக்கு மேலே மின்கம்பி போகிறது. அதன் பிம்பம் நீலக் கூரையில் நீளமாகக் கிடந்தது. அக்கா மேடையில் இரண்டு எட்டு நடந்தால் கம்பியும் கூரைமேல் நடந்தது. குழி வரும் இடத்தில் நூல் போலத் துள்ளியது. நாற்பது நிமிடமும் அவர் மேடையில் நடந்து நடந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆரபி விளக்கோடு வெளியே போனாள். பொனற்றில் நாலு. சரி. கூரையில் ஒவ்வொன்றாகத் தொட்டு நோர்வே மொழியில் எண்ணினாள். எட்டில் நின்றாள். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். எட்டு.

"எட்டுத்தான், அன்ரி."

அக்கா படி இறங்கிப் போனார். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு பொட்டை உரித்து, அன்ரெனாவின் அடியில், இடது பக்கம் ஒரு விரற்கடை விட்டு ஒட்டினார். ஆரபி குனிந்தாள். விளக்கைக் குறுக்கே பிடித்தாள், தெரியவில்லை. நீளத்துக்குத் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

அங்கேயே நின்று கைப்பலகையில் தட்டினாள். பெயரைத் தட்டி முடித்து, அக்காவிடம் நீட்டி, கையெழுத்து வைக்கச் சொன்னாள். அக்கா விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தார். தங்கேஸ்வரியைப் பற்றி மேலே ஒரு கடிதம் எழுதுவதாகவும், ஐப்பசி வரைக்கும் கார்கள் வரும் என்றும் ஆரபி சொன்னாள். லீவு முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பின்னேரங்களும் சனிக்கிழமைகளும் இருக்கின்றன என்றார் அக்கா. ஆரபி கார்க் கதவைத் திறந்தவள், திரும்பி அண்ணையைப் பார்த்தாள்.

"திங்கள் என்ரை காரைக் கொண்டு வாறன். இதைச் சரி பாக்கிறது வேறை ஆள், நான் இல்லை. அதாலை அண்டைக்கு றோல்ஸ் தின்னலாம், அங்கிள்."

அண்ணை அப்போதுதான் சிரித்தார்.

கார் முற்றத்தைக் கடந்து பிரதான வீதியில் ஏறியது. பொட்டை உரிக்க யாருக்கும் நினைவில்லை. நீலக் கூரையில் அது தனியாக நின்றது. அண்ணை அந்தத் திசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"பொட்டோடையே போறாளோ?"

"ஓம்."

"இன்னும் தெரியுதோ?"

"தெரியுது," என்றார் அக்கா. அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார். கார் வளைவில் திரும்பியது. "இப்ப இல்லை. வாங்கோ, அடுத்த காரைக் கழுவுவம்."